முப்பத்தைந்தில் ஒரு பங்கு

விளையாட்டுப் பொருள்கள் விற்கும் பெரிய கடைகளிலே, ஏதேனும் ஒரு மூலையில், மட்டைப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கக் காணலாம். பெட்டியின் மேல் புழுதி பறக்க உருண்டு வரும் யுத்த டாங்கி ஒன்றின் படம் இருக்கும். திறந்து பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்திலோ மணல் நிறத்திலோ பிளாஸ்ரிக் சட்டங்கள். அச்சட்டங்களில், கொடியிலே காய்கள் தொங்குவன போல், நூற்றுக்கணக்கான சிறு உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்துப் பொருத்தி ஒட்டினால், இரண்டாவது உலக மகா யுத்தத்திலே ஜேர்மன் படைகள் ஓட்டிச் சென்ற கவச வாகனம் ஒன்று மேசைமேல் உருப்பெற்று நிற்கும். பெட்டியின் ஓரத்தில் பெரும்பாலும் 1/35 என்று அச்சிடப்பட்டிருக்கும். உண்மை வாகனத்தின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்பது அதன் பொருள்.

இந்த முப்பத்தைந்து எங்கிருந்து வந்தது? கணிதம் கற்கும் மாணவருக்கு இது சற்றே இடறுகின்ற எண். 1/72 என்றால் காரணம் விளங்கும். ஆறடி உயரமுள்ள மனிதன் ஓர் அங்குலமாகக் குறுகுவான். 1/48 என்றாலும் விளங்கும். ஓரடி கால் அங்குலமாகும். முப்பத்தைந்தோ அடிக்கணக்குக்கும் இசையவில்லை, மீற்றர்க் கணக்குக்கும் அழகாக வரவில்லை. எனினும் கவச வாகன மாதிரிகளைச் செய்யும் கம்பனிகள், யப்பானில் இருந்தாலும் இத்தாலியில் இருந்தாலும் சீனாவில் இருந்தாலும், பெரும்பாலும் இந்த எண்ணையே பின்பற்றுகின்றன. அதற்குக் காரணமானவை இரண்டு பற்றறிகள். அக்கதையை அறிய யப்பான் நாட்டு ஷிசுவோகா நகருக்கு நாம் போக வேண்டும்.

பூஜி மலைக்குத் தென்மேற்கே உள்ள ஷிசுவோகா, தச்சுவேலைக்கும் மரக் கைவினைக்கும் பழங்காலந்தொட்டுப் பேர்போன ஊர். 1945 ஜூன் மாதத்திலே அமெரிக்க விமானங்கள் பொழிந்த தீக்குண்டுகளால் அந்நகரின் பெரும் பகுதி ஓரிரவில் சாம்பலாயிற்று. மறு ஆண்டிலே யோஷியோ தமியா என்பவர் அங்கே மரம் அரியும் ஆலை ஒன்றைத் தொடங்கினார். எரிந்துபோன நாட்டுக்கு மரம் வேண்டியிருந்தது. சில காலத்தில் அவ்வாலையின் ஒரு பகுதியில் மாதிரிக் கப்பல்களும் வாகனங்களும் மரத்தால் செய்யப்பட்டன. 1951இல் தீ விபத்தொன்று மரக் களஞ்சியத்தை அழித்தது. 1953 அளவில் யோஷியோ மர வியாபாரத்தையே கைவிட்டு மாதிரிகளை மட்டும் செய்வதென்று முடிவு செய்தார். ஆனால் ஐம்பதுகளின் இறுதியிலே அமெரிக்காவிலிருந்து பிளாஸ்ரிக் மாதிரிகள் வந்திறங்கின. அவற்றின் நுட்பத்தைக் கண்ட சிறுவர்கள் மர மாதிரிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

தமியா கம்பனியும் பிளாஸ்ரிக்கை நாடியது. 1960இல் அது வெளியிட்ட முதற் பிளாஸ்ரிக் மாதிரி, யப்பானியக் கடற்படையின் யமாத்தோ என்னும் பெரும் போர்க்கப்பல். அதே வேளையில் போட்டிக் கம்பனி ஒன்று அதே கப்பலை மலிந்த விலைக்குச் சந்தையில் இறக்கியது. தமியாவுக்குப் பெருநட்டம். யோஷியோவின் மகன் ஷுன்சாகு அப்பொழுது இருபத்தைந்தைத் தாண்டிய இளைஞர். இன்னொரு முறை தவறினால் ஆலையே மூடப்படும் என்ற நிலையிலே அவர் தேர்ந்த பொருள், ஜேர்மன் படையின் பாந்தர் டாங்கி.

ஏன் பாந்தர்? நாட்டுப் பற்றோ போர் வேட்கையோ காரணமன்று. பாந்தரின் உடல் சாய்ந்த தட்டையான தகடுகளால் ஆனது. வளைவுகள் குறைவு. வளைவு குறைந்தால் உருக்கு அச்சைக் குடைவது எளிது, செலவும் குறையும். கொமட்சுசாக்கி ஷிகேரு என்னும் ஓவியர் அக்காலத்து யப்பானியச் சிறுவர் சஞ்சிகைகளில் கப்பலும் விமானமும் டாங்கியும் வரைந்து புகழ் பெற்றிருந்தார். பெட்டியின் மேற்படத்தை அவரே வரைந்து கொடுத்தார். உள்ளே சிறு மின்மோட்டார் ஒன்று. பூட்டிவிட்டால் டாங்கி தானாகவே உருண்டு செல்லும், புத்தகங்களின் மீது ஏறி இறங்கும். 1961 முடிந்து 1962 பிறக்கும் வேளையில் வெளிவந்த அந்தப் பெட்டி கம்பனியைக் காப்பாற்றியது.

அந்த மோட்டாருக்கு மின்சாரம் தருவதற்கு நடுத்தர அளவுள்ள பற்றறிகள் இரண்டு உள்ளே அடங்க வேண்டும். அவை அடங்குமளவுக்கு உடற்பகுதியை அமைத்தார்கள். பின்னர் அளந்து பார்த்தபோது அது உண்மைப் பாந்தரில் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது. அடுத்த டாங்கியும் முந்தியதற்கு ஒத்திருக்க வேண்டுமென்று அதே அளவில் செய்தார்கள், அதற்கடுத்ததும் அவ்வாறே. 1968இல் டாங்கியோடு சேர்த்து வைக்கத்தக்க சிறு மனித உருவங்களை வெளியிடத் தொடங்கினார்கள். அவ்வரிசையில் முதலாவதாக வந்தது ஜேர்மன் டாங்கிச் சிப்பாய்களின் தொகுதி. மனிதர் வந்த பின்னர் அளவை மாற்ற வழியில்லை. பற்றறிக் கடையின் எண் உலகப் பொது எண்ணாயிற்று. மோட்டாருக்காகச் செய்த விட்டுக்கொடுப்புகள் பழைய மாதிரிகள் பலவற்றில் இன்றும் தெரியும்; சிலவற்றின் உடல் உண்மையினும் சற்று அகன்றிருக்கும், அடிப்பாகத்தில் வேண்டாத துளைகள் இருக்கும். நுணுக்கம் பார்ப்போர் அத்துளைகளை அடைத்துவிட்டே வேலையைத் தொடங்குவர்.

இங்கிலாந்திலோ வழி வேறு. அங்கே ஏர்பிக்ஸ் கம்பனி அறுபதுகளில் 1/76 அளவில் சிறு டாங்கிகளைச் செய்து, சிறுவரின் கைச்செலவுக் காசுக்கு எட்டும் விலையில் விற்றது. ஒரு தலைமுறைப் பிரித்தானியப் பையன்கள் தந்தையர் எதிர்த்துப் போரிட்ட டாங்கிகளைச் சமையலறை மேசையில் ஒட்டி வளர்ந்தார்கள்.

அளவைப் பற்றி இன்னும் சிறிது கூற வேண்டும். மாணவர்கள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். ஜேர்மன் டாங்கிகளில் மிகப் பெயர் பெற்ற டைகர், பீரங்கிக் குழல் உட்பட 8.45 மீற்றர் நீளமுடையது. முப்பத்தைந்தால் வகுத்தால் 24 சென்ரிமீற்றர். ஒரு பள்ளிக்கூட அடிமட்டத்தினும் சிறிது குறைவு. முன்புறத்து உருக்குக் கவசம் 100 மில்லிமீற்றர். மாதிரியில் அது மூன்று மில்லிமீற்றரும் இல்லை. 88 மில்லிமீற்றர் பீரங்கியின் வாய் இரண்டரை மில்லிமீற்றராகச் சுருங்கும். நிறையின் கணக்கு வேறு. நீளம், அகலம், உயரம் மூன்றும் முப்பத்தைந்தால் குறையும்போது நிறை 35ஐ மூன்று முறை பெருக்கி வரும் 42,875ஆல் குறையும். டைகர் 57 தொன். அதே உருக்கினால் முப்பத்தைந்தில் ஒரு பங்காக வார்த்தாலும் நிறை ஒன்றே கால் கிலோவுக்குச் சிறிது கூடுதலாகவே இருக்கும். வடிவம் அப்படியே நிற்க, பாரம் மட்டும் கரைந்து போகின்றது. மண்சாலையைச் சேறாக்கிப் பாலங்களை அஞ்சவைத்த பொருளைக் குழந்தை ஒரு கையால் தூக்குகின்றது. இக்கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மாதிரியைப் பார்ப்பது நல்லது என்பது எமது எண்ணம்.

இனி, செய்யும் விதம். பொலிஸ்ரைரீன் என்னும் பிளாஸ்ரிக்கை உருக்கி, உருக்கு அச்சினுள் பேரழுத்தத்தோடு செலுத்துவார்கள். அச்சின் வாய்க்கால்களில் உறைந்து நிற்பதே நாம் காணும் சட்டம். ஓர் அச்சைக் குடைவதற்கே பெருஞ் செலவாகும். குடைந்துவிட்டால் அது பல்லாண்டு உழைக்கும். எழுபதுகளில் குடைந்த அச்சுகளிலிருந்து வார்த்த பெட்டிகள் இன்றும் கடைக்கு வருகின்றன. தந்தை சிறுவயதிற் செய்த அதே வாகனத்தை மகனும் செய்வது இந்தப் பொழுதுபோக்கில் புதுமையன்று.

உறுப்புகளைச் சட்டத்திலிருந்து கையால் முறித்தெடுத்தல் ஆகாது. கூரிய சிறு குறட்டினால் வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, அரத்தாளால் தேய்க்க வேண்டும். சிறு உறுப்புகளைச் சாவணத்தால் பிடிப்பார்கள். நாம் பசை என்று சொல்லும் திரவம் உண்மையில் ஒட்டும் பசையன்று. அது பிளாஸ்ரிக்கின் மேற்பரப்பைக் கரைத்து, இரு துண்டுகளையும் ஒன்றாக உருகவைத்து, பின் ஆவியாகிப் போகும். ஆகையால் காய்ந்த பின் அவ்விடத்தில் இரண்டு துண்டுகள் இல்லை, ஒன்றே உண்டு. அந்த ஆவியை மூச்சிழுத்தல் நன்றன்று. யன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். கத்தியைச் சிறு பிள்ளைகள் கையில் தனியே கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் அப்பாற் போவதும் தகாது.

டைகரைச் செய்பவர் முதலில் திகைப்பது அதன் சக்கரங்களைக் கண்டுதான். முற்காலத்து டைகருக்குப் பக்கத்துக்கு எட்டு அச்சுகள். அச்சொன்றுக்கு மூன்று சக்கரங்கள். இரு பக்கமும் சேர்த்து 48. அவை ஒன்றோடொன்று விரற்கோத்தாற்போல் ஊடுபாவாக அமைந்தவை. பாரத்தைப் பரப்பித் தாங்குவதற்கும் குலுக்கலைக் குறைப்பதற்கும் ஜேர்மன் பொறியியலாளர் கண்ட உபாயம் அது. ரஷ்யாவின் குளிர்காலத்தில் சக்கரங்களுக்கிடையே புகுந்த சேறும் பனியும் இரவில் உறைந்து கல்லாகின. காலையில் வாகனம் அசையவில்லை. உட்புறத்துச் சக்கரம் ஒன்று பழுதானால் வெளியே உள்ள பலவற்றைக் கழற்றியே அதனை அணுக முடியும். நூலிலே படிக்கும்போது இவையெல்லாம் வெறுஞ் செய்தி. வரிசை மாறிப் பூட்டிய சக்கரமொன்றை எடுக்க மற்றைய ஏழெட்டையும் கழற்ற வேண்டி வந்த பையனுக்கோ, குளிரில் விரல் விறைத்து நின்ற அந்தத் திருத்துநரின் சங்கடம் ஒரு சிறிது விளங்கிவிடும். புகையிரதத்தில் ஏற்றும்போது டைகரின் அகலம் இடங்கொள்ளாமையால் வெளிச் சக்கரங்களைக் கழற்றி, 725 மில்லிமீற்றர் அகலச் சங்கிலிக்குப் பதிலாக 520 மில்லிமீற்றர் அகலச் சங்கிலியை மாட்ட வேண்டியிருந்தது. போர்க்களத்தை அடைந்ததும் மறுபடியும் மாற்ற வேண்டும். இத்தகைய இயந்திரம் யுத்தத்தை வெல்வதற்கு ஏற்றதா என்று கேட்பதற்கு மாணவர் படைக்கல்லூரிக்குப் போகவேண்டியதில்லை. ஒரு மாலைப் பொழுது சக்கரம் கோத்தால் போதும்.

நுணுக்கம் எங்கிருந்து பெறப்படுகின்றது என்பதும் சுவையான செய்தி. ஷுன்சாகு தமியா அறுபதுகளில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலிருந்த அபர்டீன் சோதனைக்களத்துக்குச் சென்றார். யுத்தத்திற் பிடிபட்ட வாகனங்கள் அங்கே வெட்டவெளியில் மழையிலும் வெயிலிலும் நின்றன. தலையாணி தவறாமல், இணைப்பு தவறாமல், மேலேறியும் கீழே குனிந்தும் அவர் படம் பிடித்தார். அத்தொழிலிலே தம் வாழ்நாளைச் செலவிட்ட அவர் 2025இல் தமது தொண்ணூறாவது வயதில் காலமானார். இங்கிலாந்தின் பொவிங்டன் அரும்பொருட்சாலையிலே இன்னொரு மூலப்பொருள் இருக்கின்றது. 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரித்தானியப் படையினரின் குண்டு ஒன்று, 131 என்ற இலக்கமுடைய டைகரின் கோபுரம் சுழலும் இடத்திற் பட்டது. கோபுரம் சிக்கிக்கொண்டது, உள்ளிருந்தோர் இறங்கி ஓடினர், டாங்கி ஏறக்குறைய முழுமையாகக் கைப்பற்றப்பட்டது. பல ஆண்டு உழைப்பினால் அது மறுபடியும் ஓடும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டிருக்கின்றது. சொந்த இயந்திரத்தால் ஓடும் டைகர் உலகிலே அது ஒன்றுதான். கோபுரத்தின் பக்கத்தில் அந்தச் சிவப்பு இலக்கம் தீட்டிய மாதிரிகள் எத்தனை வீட்டு அலுமாரிகளில் நிற்கின்றனவோ, எண்ணிச் சொல்வாரில்லை.

ஒட்டி முடிந்தபின் வர்ணந் தீட்டும் வேலை. இதுவே பொழுதுபோக்கின் உயிர் எனலாம். 1943இன் தொடக்கம் வரையில் ஜேர்மன் வாகனங்கள் கருஞ் சாம்பல் நிறத்தில் இருந்தன. பின்னர் மங்கிய மஞ்சளே அடிநிறமாயிற்று. அதன்மேல் பச்சையையும் செம்பழுப்பையும் படையினரே தத்தம் இடத்துக்கு ஏற்பத் தெளித்துக்கொண்டனர். ஒருவர் கோடு கோடாகத் தெளித்தார், ஒருவர் திட்டுத்திட்டாகத் தெளித்தார். ஒன்று போல் மற்றொன்று இருந்ததில்லை. ரஷ்ய டாங்கி பெரும்பாலும் ஒரே பச்சை, அமெரிக்க டாங்கி ஒரே ஒலிவ் நிறம். தூரிகை பிடிப்பவர் மனம் ஜேர்மன் வாகனத்தை நாடுவதற்கு இது ஒரு பெருங் காரணம்.

1943இன் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு காலம், காந்தத்தால் ஒட்டும் வெடிகள் பற்றாதிருக்க வேண்டுமென்று, சிம்மரிற் என்னும் குழம்பை டாங்கிகளின் மேல் பூசி வரிவரியாகச் சீவினார்கள். எதிரிகள் அவ்வகை வெடியை அரிதாகவே கையாண்டனர். பூசிய உழைப்பெல்லாம் பெரும்பாலும் வீண். ஆனால் மாதிரி செய்வோருக்கோ அதைப் பிடித்துக்கொள்ள ஆசை. சாந்தை மெல்லப் பூசிச் சிறு சீப்பினால் கோடிழுத்து இரவிரவாக இருப்பவர்கள் உண்டு.

புதிதாகத் தீட்டிய மாதிரி கடையிற் செய்த பொம்மை போலவே இருக்கும். நன்றாக நீர்த்த கருநிறத்தை மேலே ஓடவிட்டால் அது இடுக்குகளிலே தங்கி நிழலாகும். தூரிகையில் வெளிர்நிறத்தைத் தொட்டு, துணியில் ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டு, விளிம்புகளின் மேல் மெல்ல உரசினால் அவை தேய்ந்த உலோகம் போல மின்னும். சங்கிலிக்குத் துரு, சக்கரத்துக்குச் சேறு. பிறகு நீரிலிட்டால் கடதாசியிலிருந்து வழுக்கி வரும் மெல்லிய குறிகளை ஒட்டுவார்கள். இவ்வாறு செய்த வாகனத்தைச் சிறு நிலக்காட்சியிலே, இடிந்த சுவர், முறிந்த மரம் முதலியவற்றோடு வைக்கும் கலையை எழுபதுகளில் அமெரிக்காவிலே பரப்பியவர் ஷெப்பர்ட் பெயின். மொனோகிராம் கம்பனி தனது ஜேர்மன் டாங்கிப் பெட்டிகளினுள் அவர் செய்த காட்சிகளின் படமும் விளக்கமும் கொண்ட சிறு துண்டுப் பிரசுரத்தை வைத்தது. டாங்கி வாங்கிய சிறுவர்கள் அதைக் கண்டு, வாகனம் மட்டும் போதாது, அதற்கு ஒரு கதை வேண்டும் என்று கற்றுக்கொண்டார்கள்.

அந்தக் கதை யாருடைய கதை என்ற வினாவை இங்கே எழுப்பாமல் விடுவதற்கில்லை.

யுத்தத்தின் உண்மைத் தொகைகளை எடுத்துக்கொள்வோம். டைகர் டாங்கிகள் செய்யப்பட்டவை 1,350க்கும் குறைவு. பாந்தர் சுமார் 6,000. சோவியத் நாட்டின் டி-34 யுத்த காலத்தில் 50,000க்கும் மேல். அமெரிக்க ஷேர்மன் ஏறத்தாழ 49,000. கடையின் தட்டிலோ இக்கணக்கு தலைகீழாக நிற்கின்றது. டைகர் வகைவகையாக, ஆண்டு வாரியாக, மாத வாரியாகக்கூட இருக்கும். வென்றவர்களின் டாங்கிகள் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். அத்தட்டை மட்டும் பார்த்து வளரும் பிள்ளை, ஜேர்மனி எவ்வாறு தோற்றது என்று வியக்குமேயன்றி ஏன் தோற்றது என்று அறியாது. 1943 ஜூலையில் குர்ஸ்க் போர்க்களத்துக்கு முதன்முதலாக அனுப்பப்பட்ட சுமார் 200 பாந்தர்களில், பகைவன் சுட்டவற்றோடு தாமாகவே இயந்திரம் பழுதாகி நின்றவையும் பல என்பதைப் பெட்டியின் படம் சொல்லாது. படத்திலே டாங்கி எப்பொழுதும் முன்னேறிக்கொண்டே இருக்கின்றது.

பெட்டி சொல்லாத வேறு செய்திகளும் உள. ஒஸ்திரியாவில் சென் வலன்ரின் என்னுமிடத்திலிருந்த நிபெலுங்கன் ஆலை ஜேர்மன் படைக்கு நான்காம் இலக்கப் பான்சர் டாங்கிகளைச் செய்த பேராலை. அங்கே பிடிக்கப்பட்ட நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டோர் வலிந்து வேலை வாங்கப்பட்டனர். 1944இலிருந்து மௌட்ஹவுசன் சித்திரவதை முகாமின் கைதிகளும் அங்கே உழைப்பிக்கப்பட்டனர். நாம் அரத்தாளால் தேய்த்து அழகுபடுத்தும் அந்த இணைப்புகளை உண்மையிலே பற்றவைத்த கைகளுட் சில பட்டினி கிடந்த கைகள். தலையாணி ஒன்று குறைந்தாற் குறை கூறும் செய்முறைப் புத்தகங்கள் பல, இதைக் கூறுவதற்கு ஒரு வரியும் ஒதுக்குவதில்லை.

குறிகளைப் பற்றியும் ஒன்று. கவச வாகனப் பெட்டிகள் பலவற்றிலே டாஸ் ரைக் என்னும் எஸ்.எஸ். படைப்பிரிவின் அடையாளக் குறி இருக்கும். பெருவிரல் நகத்தினும் சிறிய ஒட்டுப்படம். 1944 ஜூன் 10ஆந் தேதி பிரான்ஸ் நாட்டு ஒராதூர் சுர் கிளான் என்னும் கிராமத்துக்குள் அப்படைப்பிரிவின் சிப்பாய்கள் புகுந்தார்கள். ஆண்களைக் களஞ்சியங்களிலே சுட்டார்கள்; பெண்களையும் பிள்ளைகளையும் தேவாலயத்தில் அடைத்துத் தீயிட்டார்கள். 640க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வந்தவர்கள் டாங்கியோட்டிகளல்லர், காலாட் சிப்பாய்களே. ஆயினும் குறி அதே குறி. அக்கிராமத்தின் இடிபாடுகளைப் பிரான்ஸ் அரசு அப்படியே காத்து வைத்திருக்கின்றது. மக்களுக்குப் பக்கத்தில் புதிய ஊர் கட்டப்பட்டது. துருப்பிடித்த மோட்டார் வண்டிகளும், தையல் இயந்திரங்களும், கூரையற்ற சுவர்களும் அங்கே முழு அளவில் நிற்கின்றன.

ஜேர்மனியரே இவ்விடயத்தில் கண்டிப்பாக இருக்கின்றனர். அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 86அ பிரிவின்படி நாஜிச் சின்னங்களைப் பகிரங்கமாகக் காட்டலாகாது. கலை, கல்வி, ஆராய்ச்சி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆதலால் அங்கே விற்கும் பெட்டிகளின் படத்தில் சுவஸ்திகாக் குறி அழிக்கப்பட்டிருக்கும். சில கம்பனிகள் ஒட்டுப்படத்தில் அதனை இரு துண்டாக்கி, வேண்டியவர் தாமே சேர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதும் உண்டு. இது சட்டத்துக்குப் பணிவதா, அதனை ஏய்ப்பதா என்பதில் எமக்குச் சந்தேகமே. டாங்கிகளுக்கு இத்தொல்லை குறைவு. அவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைச் சிலுவைக் குறியையே தாங்கின.

சின்னத்தை அழிப்பது எளிது. பொய்யை அழிப்பதே கடினம். 2018இல் ஜேர்மன் ரெவல் கம்பனி, ஹவுனெபு என்ற பெயரில் நாஜிக்களின் பறக்கும் தட்டு ஒன்றின் மாதிரியை வெளியிட்டது. அப்படியொரு வாகனம் இருந்ததேயில்லை. யுத்தத்தின் பின் கட்டிவிடப்பட்ட கதை அது. பெட்டியின் குறிப்போ உண்மைச் சரித்திரம் போலவே எழுதப்பட்டிருந்தது. டிரெஸ்டன் நகரத்துப் படைத்துறை வரலாற்று அரும்பொருட்சாலையும் ஜேர்மன் சிறுவர் பாதுகாப்புச் சங்கமும் அதனைக் கண்டித்தன. சிறுவர் கையில் இதனைக் கொடுத்தால் நாஜிக்கள் எட்டாத விஞ்ஞானத்தை எட்டினார்கள் என்று நம்பிவிடுவர் என்பதே முறைப்பாடு. கம்பனி அம்மாதிரியை விற்பனையிலிருந்து மீட்டுக்கொண்டது. அதில் சுவஸ்திகாவைத் தேடி ஒருவரும் குறை சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் பிள்ளைகளுக்கு இப்பெட்டிகளை வாங்கிக் கொடுக்கலாமா என்று பெற்றோர் கேட்பர். கொடுக்கலாம் என்பதே எமது கருத்து. பொறுமை, கைநுட்பம், விகிதக் கணக்கு, படம் பார்த்துப் பொருத்தும் திறமை ஆகியவை இவ்வேலையால் வருவன. தொலைக்காட்சிக்கும் கைத்தொலைபேசிக்கும் முன்னால் அமர்ந்திருப்பதனால் வருவனவல்ல. ஆனால் பெட்டியைத் தனியே கொடுத்துவிடலாகாது. பக்கத்தில் தேசப்படமொன்று இருக்கட்டும். இந்த வாகனம் எந்த ஆண்டில், எந்த நாட்டில், யார் மேல் சுட்டது என்று பையனைக் கேட்கலாம். குறியை ஒட்டுமுன் அது யாருடைய குறி என்று தேடிப் பார்க்கச் சொல்லலாம். தொடக்கக்காரருக்கு 48 சக்கரங்களோடு போராடும் டைகர் வேண்டாம். கூபல்வாகன் போன்ற சிறு வண்டியொன்று போதும், உறுப்புகளும் குறைவு, செலவும் குறைவு. டைகர் ஒன்று செய்த பின் டி-34 ஒன்றையும் செய்து அருகில் வைத்தால், எளிய சாய்ந்த தகடுகளால் ஆன அந்த ரஷ்ய வண்டி ஏன் அத்தனை ஆயிரமாகப் பெருகியது என்பது கண்ணுக்கே தெரியும்.

அண்மைக் காலத்திலே இன்னொரு வகைப் பெட்டியும் தட்டுகளில் இடம்பெற்று வருகின்றது. உக்ரேன் நாட்டுத் தலைநகரான கீவ் 1941 செப்ரெம்பரிலிருந்து 1943 நவம்பர் வரை ஜேர்மன் படைகளின் கையில் இருந்த நகரம். அந்நாட்டிலுள்ள மினியார்ட் கம்பனி டாங்கிகளோடு குடிமக்களின் உருவங்களையும் 1/35 அளவில் செய்கின்றது. கதிரை, மேசை, பால் கலம், மரப் பெட்டி, தெரு விளக்கு ஆகியனவும் அதே அளவில் கிடைக்கும். மனித உருவம் ஒவ்வொன்றும் ஐந்து சென்ரிமீற்றர் உயரம். அவர்களைத் தெருவோரத்தில் நிறுத்துவதா, டாங்கி வந்து சேருமுன் ஊரைவிட்டுப் போகும் பாதையில் நிறுத்துவதா என்பதைப் பெட்டி சொல்வதில்லை. அதைச் செய்பவரே தீர்மானித்துக்கொள்கின்றார்.